ஓரிரு இடங்களில் பனிப்பொழிவு

ஐந்து நாள் முன்னறிவிப்பின் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் படியிறங்கியபோது காலை மணி ஒன்பதே கால். அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு என் கணவரின் லாரி நின்றது. பதினான்கு சக்கரம், இருபத்தைந்து டன் உப்பு, மேலே இரட்டைத் தார்ப்பாய். இங்கே நிறுத்தக்கூடாது என்று காவலாளி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அஞ்சே நிமிஷம்ண்ணே. உள்ள என் வீட்டம்மா நாடு முழுக்க மழையா வெயிலான்னு முடிவு பண்ணிட்டிருக்கா. முடிச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று இவர் பவ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கையில் கம்பளிச் சட்டை, கழுத்தில் கம்பளித் துண்டு. வியர்த்துக் கொட்டியது.

நான் வானிலை முன்னறிவிப்பாளர். பத்தொன்பது வருடங்களாக ஒரே அறை, மூன்றாம் மாடி, பதினொரு திரைகள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள டீ கொண்டுவருபவரின் தோளைப் பார்ப்போம். எங்கள் நாடு பெரிது. தெற்கே கடல் வெதுவெதுவென்று இருக்கும் அதே காலையில் வடக்கே ஆறு உறைந்து கிடக்கும். குளிர்காலத்தில் நான் எழுதும் அறிக்கையில் பனி என்கிற சொல் குறைந்தது எட்டு முறை வரும். மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிப்பொழிவு. எல்லாவற்றுக்கும் குறியீட்டு எண் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் பிறந்ததும் படித்ததும் வேலை பார்ப்பதும் தெற்கில். வானத்திலிருந்து பனி விழுந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் பட்டதில்லை, இரண்டு மாதம் முன்பு வரை.

இரண்டு மாதம் முன்பு இவருடைய கூட்டாளி டிரைவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முன்பல் இரண்டு இல்லாததால் லாரிக்காரர்கள் அவரை ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். டீயை உறிஞ்சிக்கொண்டே, "போன குளிர்காலத்துல கணவாய்ல முப்பத்தோரு மணி நேரம் மாட்டிக்கிட்டோமே, அதுக்கப்புறம் எனக்கு இந்தக் கால் கட்டவிரல் உணர்ச்சியே இல்ல அண்ணி" என்றார். இவர் அவசரமாக, "பிஸ்கட் எடுத்துக்கடா" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். வடக்குக் கணவாய்: ஓரிரு இடங்களில் லேசான பனிப்பொழிவு. கீழே என் கையெழுத்து. அன்று மாலை வீட்டில் கேட்டேன். இவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "லேசாத்தாம்மா பெஞ்சுது. நிறுத்தாமப் பெஞ்சுது, அவ்வளவுதான்." ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா அடுத்த தடவ உனக்குக் கை நடுங்கும். நடுங்குற கையால எழுதினா அது எங்களுக்குத்தான் ஆபத்து" என்றார்.

அடுத்த வாரமே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைமை அதிகாரிக்கு அலுவலகத்தில் 'இயல்பு' என்று பெயர். எந்த அறிக்கை போனாலும் 'இயல்பையொட்டியே இருக்கும்' என்று ஒரு வரியைச் சேர்த்துத்தான் அனுப்புவார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எங்க போறீங்க?" என்றார். வடக்கே, லாரியில், கணவாய் வரைக்கும் என்றேன். தினமும் கழித்தல் இருபது டிகிரியைப் பார்க்கிற மனுஷன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குளிருமே" என்றார்.

முதல் நாள் முழுக்கக் கடலோரச் சாலை. நான் எழுதியிருந்தது: தென்கடலோரத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை. மதியம் வரை வெயில். பிறகு எதிரே சாலைக்குக் குறுக்காக ஒரு சாம்பல் சுவர் நின்றது. லாரியின் முகம் அதற்குள் நுழைந்தபோது பின்னால் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். உப்பு நனைந்தால் போயிற்று என்று இவர் ஓரங்கட்டிக் கயிறுகளை இறுக்கிக் கட்ட இறங்கினார். நானும் இறங்கினேன். சாலையை ஒட்டி ஒரு செங்கல் சூளை. சுடாத பச்சைக் கல் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் காய வைத்திருந்தது. ஒரு பெண்ணும் அவள் மாமியார் போலிருந்த ஒருத்தியும் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். விரிப்பு பாதிக்குத்தான் எட்டியது. மீதிக் கற்கள் என் கண் முன்னாலேயே விளிம்பு மழுங்கி, கூன் விழுந்து, சேறாக உட்கார்ந்தன. நான் போய் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் மழை விட்டுவிட்டது.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலையில ரேடியோவுல கேட்டேங்க. ஓரிரு எடத்துலதான்னு சொன்னாங்க. அந்த ஒண்ணு ரெண்டு எடம் நம்ம எடமாத்தான் இருக்கும்னு யாரு கண்டா?" என்றாள். கோபம் துளியும் இல்லை. ஏதோ சீட்டு குலுக்கியதில் தன் பெயர் வந்துவிட்டதைப் போலச் சொன்னாள். அந்த வரியை எழுதியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை 'ஓரிரு இடங்களில்' என்று எழுதியிருப்பேன்! அப்படி ஓர் இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு ஒரு கிணறு இருந்தது. வேலியில் ஒரு சிவப்புச் சட்டை நனைந்து தொங்கியது.

இரண்டாம் நாள் பீடபூமி. கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் இவர் ஓட்டி நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருப்பார். அதிலும் பாதி தூக்கம். இவரை மற்ற டிரைவர்கள் 'நிதானம்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். காரணம் இப்போதுதான் தெரிந்தது. யார் முந்தினாலும் கவலைப்படுவதில்லை. மேட்டில் ஏறும்போது "வா, வா, உன்னால முடியும்" என்று லாரியைத் தட்டிக்கொடுக்கிறார். சாலையோரப் புல் சாய்வதைப் பார்த்தே அடுத்த திருப்பத்தில் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்கிறார். சொன்னபடி தள்ளுகிறது. "இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "நீ உங்க ஆபீஸ்ல சொல்லிடாத. உன் வேலை போயிடும்" என்றார்.

அன்று காலை விடிந்தும் விடியாமலும் என்னை எழுப்பி, "மேடம், எறங்கி வாங்க. உங்க சரக்கு வந்திருக்கு" என்றார். தார்ப்பாய்க் கயிறு முழுக்க, காய்ந்த புல் முழுக்க, பக்கத்து வயலின் வேலிக் கம்பி முழுக்க வெள்ளையாக முள் முளைத்திருந்தது. விரல் நுனியால் தொட்டேன். சட்டென்று தண்ணீராகிவிட்டது. உறைபனி. நான் எழுதியதுதான். ஆனால் ஒவ்வொரு முள்ளும் காற்று வந்த திசையைப் பார்த்து நீண்டிருக்கும் என்று நான் எழுதியதில்லை, எனக்குத் தெரியாது. அடிவானம் வரைக்கும் நிலம் முழுக்க யாரோ சத்தமில்லாமல் உட்கார்ந்து இத்தனையையும் செய்திருக்கிறார்கள் என்பதுபோல இருந்தது. சூரியன் வந்த கால் மணி நேரத்தில் எல்லாம் காணாமல் போயிற்று.

மூன்றாம் நாள் காலை வடசமவெளியில் மூடுபனி. கண்ணுக்கெட்டும் தூரம் ஐம்பது மீட்டருக்கும் குறைவு என்று எழுதுவது சுலபம். லாரியின் முன்கண்ணாடியிலிருந்து ஐம்பது மீட்டர் என்றால், எதிரே நிற்கும் வண்டியின் பின்விளக்கு தெரிந்த பிறகு பிரேக் போட இவருக்கு மூன்று எண்ணும் நேரம்கூட இல்லை. ரேடியோவை நிறுத்தினார். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "கண்ணு இப்ப உதவாது. காதக் கொடு. ஏதாவது கேட்டா சொல்லு." நடக்கிற வேகத்தில் போனோம். வெள்ளைக்குள்ளிருந்து இருமல் கேட்டது, சைக்கிள் மணி கேட்டது, மாடு மூச்சு விடுவது கேட்டது. ஒன்றையும் காணோம். இவர் இடது கையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்து அழுத்திவிட்டு மறுபடி ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோனார்.

ரயில் பாதைக்கு மேலே போகிற நீண்ட பாலத்தில் ஏறினோம். ஏற ஏற வெள்ளை வெளுத்தது, பிறகு பொன்னிறமானது, பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லை. மூடுபனிக்கு மேலே வந்துவிட்டோம். நீல வானம், சூரியன், கீழே நாலா பக்கமும் அசையாத வெள்ளைக் கடல். அதிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியின் தலை, மூன்று புகைபோக்கிகள், ஒரு தேவாலயக் கோபுரம், தூரத்தில் கிரேனின் மஞ்சள் கை. செயற்கைக்கோள் படத்தில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஆற்றங்கரையோரம் வழவழப்பான ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். அதற்குள் பல லட்சம் பேர் பல் தேய்த்துக்கொண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டும், ஒருவரையொருவர் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன். பாலத்தில் நிறுத்த முடியாது. வேகத்தை மட்டும் குறைத்தார். பிறகு பாலம் இறங்கியது. நாங்கள் மறுபடியும் உள்ளே மூழ்கினோம்.

நான்காம் நாள் முற்பகல் மலையடிவாரம். கணவாய்க்குப் போகும் கடைசி ஊர். சாலைத் துறையின் பெரிய முற்றத்தில் லாரிகள், பேருந்துகள், கார்கள் என்று இருநூறு வண்டி நின்றன. ஒடுக்கமான பாதை என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மேலே அனுப்புவார்கள். இங்கே நின்றவர்களுடைய முறை மறுநாள் காலை. ஐந்தாம் நாள் மாலை முதல் பனிப்பொழிவு என்று நான் எழுதியிருந்ததால், காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலைக்குள் அந்தப்பக்கம் இறங்கிவிடலாம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆரஞ்சு மேலங்கி போட்ட சாலை மேற்பார்வையாளர், நாற்பது வயதுப் பெண், எங்கள் உப்பைப் பார்த்ததும் வரவேற்றது எங்களையா உப்பையா என்று தெரியாதபடி சிரித்தார். "மேல் கிடங்குல மூணே மூட்டைதான் மிச்சம். உப்பு தூவலேன்னா ரோடு கண்ணாடி மாதிரி ஆயிடும். அந்தப்பக்கம் ஊர்ல ஆஸ்பத்திரிக்கு மருந்து போறதே இந்த வழியிலதான். நாளைக்குக் காலையில நீங்கதான் மொதல் வண்டி."

டீ டம்ளரோடு நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். வானம் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் பால் கலந்த நீலம். சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் சூரியனிலும் சுண்டுவிரல் வட்டத்திலும் படும் அளவு. முற்றத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு காற்றழுத்தமானியை எடுத்துப் பார்த்தேன். மதியத்தில் கொஞ்சம் இறங்குவது வழக்கம். இது வந்து சேர்ந்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து புள்ளி இறங்கியிருந்தது. முகட்டிலிருந்து வந்த காற்று கிழக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பியிருந்தது. நான் மறுநாள் மாலைக்கு வரச் சொல்லியிருந்த புயல், நான் சொன்னதைக் கேட்காமல் முன்கூட்டியே கிளம்பிவிட்டது.

அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். இயல்புதான் எடுத்தார்.

"சார், அஞ்சாம் நாளுக்குக் கணவாய் பத்தி நான் எழுதினது தப்பு. மாலை இல்ல, காலையிலயே ஆரம்பிச்சிடும். லேசாவும் இருக்காது."

"நீங்க லீவுல இருக்கீங்கம்மா."

"லீவுலதான் சார் இருக்கேன். ஆனா வானத்துக்குக் கீழ இருக்கேன். சூரியனைச் சுத்தி வட்டம் போட்டிருக்கு. அழுத்தம் ரெண்டு மணி நேரத்துல அஞ்சு எறங்கியிருக்கு. மேற்கால ரொம்ப தூரத்துல இருக்குற முகட்டு நிலையம் என்ன சொல்லுது?"

காகிதம் புரளும் சத்தம். "காலையில இருந்து அது பேசல. பழுதுன்னு எழுதி வச்சிருக்காங்க."

"பழுது இல்ல சார். அங்க ஏற்கனவே மூடியிருக்கும். அது இல்லாம கணக்குப் போட்டதாலதான் திரையில இன்னும் மாலைன்னு காட்டுது."

"கண்ணால பாத்தேன்னு கோப்புல எழுத முடியுமா? நாளைக்கு வெயில் அடிச்சா இருநூறு வண்டிய நிறுத்தினதுக்கு யார் பதில் சொல்றது?"

"என் பேரப் போடுங்க சார். மொதல்ல எழுதினவ தப்பா எழுதிட்டான்னு போடுங்க."

அந்தப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவர் வேறொரு குரலில், "வட்டம் முழுசா இருக்கா?" என்று கேட்டார்.

"முழுசா இருக்கு சார். உள் விளிம்புல செவப்பு கூடத் தெரியுது."

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தடவ பாத்திருக்கேன். அப்பல்லாம் நம்ம மொட்டை மாடியப் பூட்ட மாட்டாங்க" என்றார். ஃபோனை வைத்துவிட்டார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

திரும்பினால் மேற்பார்வையாளரும் இவரும் பின்னால் நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் வானத்தைப் பார்த்தார், உப்பு லாரியைப் பார்த்தார். இவர்தான் என் அருகில் வந்து, மெதுவாக, வியாபாரம் பேசுகிற மாதிரி, "எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. நான் எழுதுவேன், அது எங்கோ போகும், யாரோ எதையோ செய்வார்கள். இப்போது எனக்கு எதிரே, மூன்று நாள் தாடியோடு, என் பதிலை வைத்து இருபத்தைந்து டன்னை இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவில் ஏற்றப்போகிற ஆள் நின்றிருந்தார். என் கை நடுங்கும் என்று பயந்து ஒரு வருடம் வாயைத் திறக்காத ஆள். மறுபடி வானத்தைப் பார்த்தேன், அழுத்தமானியைப் பார்த்தேன். "காலையில ஆறு மணிக்கு முன்னாடி வராது. ஒன்பதத் தாண்டாது" என்றேன்.

"அப்ப இன்னைக்கே ஏறிடலாம். இருட்டுறதுக்கு அஞ்சு மணி நேரம் இருக்கு, நாலு போதும்" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இங்கயே இரு. எறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"என் கணக்க நம்பி நீங்க மட்டும் ஏறுவீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன்.

மேற்பார்வையாளரின் ஜீப் முன்னால் போக, நாங்கள் ஊர்ந்து ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் கீழே முற்றம் சிறுத்துக்கொண்டே போயிற்று. வண்டிகள் தீப்பெட்டியாகி, அரிசியாகி, பிறகு காணவில்லை. மேல் கிடங்கை அடைந்தபோது மலைமுகடுகளில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. தகரக் கூரை, ஒரு அடுப்பு, ஒன்பது தொழிலாளர்கள். அவர்கள் கைகொடுத்து என்னை இறக்கினார்கள். சத்தமில்லாத ரேடியோவை யாரோ திருகியதில் மாலை அறிக்கை வந்தது. 'முன்னர் வெளியிட்ட அறிவிப்பு திருத்தப்படுகிறது. வடக்குக் கணவாயில் நாளை காலை முதல் பலத்த பனிப்பொழிவு. வாகனங்களுக்கு அனுமதி இல்லை.' இயல்பையொட்டி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. இவர் என் தோளை இடித்தார்.

காலை ஐந்தரைக்கு எழுந்து கதவைத் திறந்தேன். தலைக்கு மேலே நட்சத்திரம். ஆறு மணிக்கும் நட்சத்திரம். ஆறரைக்குக் கிழக்கு வெளுத்தது, ஒரு மேகமும் இல்லாமல். மேற்பார்வையாளரின் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. கீழே பேருந்து டிரைவர்கள் கத்துவது எனக்கே கேட்டது. "வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு! எந்த அறிவாளி போட்ட உத்தரவு இது? பஸ்ல கல்யாணப் பார்ட்டி உக்காந்திருக்காங்க, நான் என்ன பதில் சொல்றது?" மேற்பார்வையாளர் என்னைப் பார்க்காமல், "மலைப்பாதை கேட் மூடித்தான் இருக்கும். ஒன்பது மணிக்குப் பேசுங்க" என்று சொல்லி வைத்தார். ஏழு மணி. ஏழரை. தொழிலாளர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். எனக்குக் காது கொதித்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் முகம் கொடுக்காமல் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அங்கேதான் காற்று நின்றதைக் கவனித்தேன். மேற்கே இருந்த முகடு இல்லை. முன்பு இருந்த இடத்தில் வானமும் இல்லை, மலையும் இல்லை, நிறமே இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. அது அடுத்த முகட்டை எடுத்துக்கொண்டது. பிறகு அதற்கு இந்தப்பக்கம் இருந்த காட்டை. ஒரு சத்தமும் கிடையாது. இத்தனை பெரிய ஒன்று நகரும்போது பூமி அதிர வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. என் கம்பளிக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆறு இதழ், ஒவ்வொரு இதழிலும் குட்டிக் கிளைகள், பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரியே. மூச்சு பட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அது உருகுவதற்குள் இன்னொன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. மணி ஏழு ஐம்பது.

ஒரு பெரிய நாட்டின் மேல் ஐந்து நாளாக நகர்ந்து வந்த அந்த முழு ஏற்பாடும், கோடுகளாகவும் எண்களாகவும் நான் பத்தொன்பது வருடம் தொட்டுக்கொண்டிருந்த அதே ஏற்பாடு, இப்போது என் இமையில் எடையாக இருந்தது. அழுதேனா என்று தெரியாது. முகம் முழுக்கவே ஈரம். இவர் தேடிக்கொண்டு வந்தார். "ஏம்மா, உள்ள வா, ஒறஞ்சு போயிடுவ" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இத எத்தனையோ தடவ பாத்தாச்சு. பாத்ததே இல்ல போல இருக்கு" என்றார்.

ஒன்பது மணிக்குக் கிடங்கின் எதிர்ச்சுவர் தெரியவில்லை. தொழிலாளர்கள் முறை வைத்து வெளியே போய்ச் சாலையில் உப்பைத் தூவினார்கள். இவரும் மண்வெட்டியோடு போனார். போனவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்கள். பத்தே காலுக்கு மலை ஒரு முறை செருமியது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அரை மணி கழித்துச் சேதி வந்தது: எட்டாவது வளைவில் சரிவு, சாலையில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி. மேற்பார்வையாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தா, நடுவுல போற பஸ்ஸுங்க பத்தே காலுக்கு அங்கதான் இருந்திருக்கும்" என்றார். ஒருவர் அடுப்பில் விறகை வைத்தார். நான் இயல்புக்கு ஃபோன் செய்து நேரத்தையும் பனியின் ஆழத்தையும் சொன்னேன், பதிவேட்டுக்காக. எழுதிக்கொண்டார். கடைசியில், "நீங்க நல்லாருக்கீங்கல்ல?" என்றார். அதை அவர் எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்.

அன்று முழுக்கப் பெய்தது. மறுநாள் விடிந்தபோது நின்றிருந்தது. கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே கழித்தல் பதினெட்டு டிகிரி. காற்று இல்லை, மேகம் இல்லை, கழுவிவிட்ட நீலம். லாரி ஒரு வெள்ளை மேடாக இருந்தது. கீழேயிருந்து பனி தள்ளும் வண்டியின் உறுமல் ஒவ்வொரு வளைவாக ஏறிவந்தது. வழி திறந்துவிட்டது, முதல் வண்டிகள் கிளம்பிவிட்டன என்று மேற்பார்வையாளர் சொன்னார். தொழிலாளர்கள் மண்வெட்டிகளோடு வெளியே இறங்கினார்கள். இறங்கியவர்கள் நின்றுவிட்டார்கள்.

சூரியன் முகட்டுக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு மேகம்கூட இல்லாத அந்த வானத்திலிருந்து ஏதோ விழுந்துகொண்டிருந்தது. பனி இல்லை, அவ்வளவு சன்னம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, வெளிச்சம் படும் நொடியில் மட்டும் பளிச்சென்று மின்னி அணைந்தது. ஒன்று அணைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆயிரம் மின்னியது. கிடங்கின் கூரையிலிருந்து பள்ளத்தாக்கின் அடி வரைக்கும் காற்று முழுக்கவே மின்னிக்கொண்டிருந்தது. சூரியனுக்கு மேலே நேராக ஒரு வெளிச்சத் தூண் எழும்பி நின்றது. கடுங்குளிரில் காற்றின் ஈரமே உறைந்து உதிரும் இதற்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. உப்பு அள்ளும் ஒன்பது பேரும், ஆரஞ்சு மேலங்கிக்காரியும், கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்திருந்தார். இவருடைய மூச்சு புகையாக மேலே போயிற்று. போன வழியெல்லாம் அதுவும் மின்னியது. கீழே வளைவில் முதல் பேருந்து திரும்பியது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை வெளியே வந்தது.